தொழில் சுத்தம்

திருடர்களை வைத்து எடுத்த நகைச்சுவைப் படங்கள் என்று யோசிக்கும்போதெல்லாம் என் நினைவில் முதலில் வந்து நிற்பது 1932-இல் எர்ன்ஸ்ட் லூபிட்ச் இயக்கிய 'டிரபிள் இன் பாரடைஸ்'. பாரமவுண்ட் நிறுவனம் தயாரித்த கறுப்பு வெள்ளைப் படம்; மொத்தமே 83 நிமிடம்தான். ஒரு படத்தைப் பார்த்துப் பல வருடம் ஆன பிறகு அதில் எது மனதில் தங்குகிறது, எது உதிர்ந்துபோகிறது என்பதும் அந்தப் படத்தைப் பற்றிய சாட்சியம்தான். இந்தப் படத்தில் யார் எவ்வளவு பணத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மறந்துபோகிறது. மறக்காதவை எல்லாம் ஒருவர் செய்த திருட்டை இன்னொருவர் கண்டுகொள்கிற இடங்கள். இது என் ஞாபகத்தின் கோளாறு என்று நான் நினைக்கவில்லை. படமே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. போட்டித் திருடர்களின் கதையில் நம்மைச் சிரிக்க வைப்பது திருட்டின் சாமர்த்தியம் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாமர்த்தியம் வியக்க வைக்கும், அவ்வளவுதான். சிரிக்க வைப்பது ஒப்புதல். 'நீ யார் என்று எனக்குத் தெரியும், நான் யார் என்று உனக்கும் தெரியும்' என்று இரண்டு திருடர்கள் ஒத்துக்கொள்கிற கணத்தில் நமக்குச் சிரிப்பு வருகிறது. ஏனென்றால், அவர்களைச் சுற்றியிருக்கிற மரியாதைப்பட்ட உலகத்தில் வேறு யாரும் அப்படி ஒத்துக்கொள்வதில்லை.

வெனிஸ் ஓட்டலில் நடக்கிற இரவுச் சாப்பாட்டுக் காட்சியை எடுத்துக்கொள்வோம். காஸ்டன் மொனெஸ்குவாக நடிக்கிற ஹெர்பர்ட் மார்ஷல் பிரபு வேஷத்தில் மாடியில் நின்றுகொண்டு, பரிமாறுகிறவனிடம் விருந்துக்கு ஏற்பாடு சொல்கிறான். சாம்பெயினில் நிலா தெரிய வேண்டும் என்கிறான். அவனும் பயபக்தியோடு குறித்துக்கொள்கிறான். அந்த உரையாடலின் நடுவே, பிரபுவின் கோட்டில் ஒட்டியிருந்த ஓர் இலையை அந்தப் பணியாள் மரியாதையாக எடுத்துவிடுகிறான். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் பக்கத்து அறைகளில் தங்கியிருந்த பிலிபா என்ற பணக்காரரை அடித்துப் போட்டுவிட்டு யாரோ மாடி வழியாக இறங்கி ஓடியதை நாம் பார்த்திருக்கிறோம். யார் என்று படம் வாய் திறந்து சொல்லவில்லை. அந்த இலை சொல்லிவிடுகிறது. பிறகு சீமாட்டி வேஷத்தில் லில்லி வருகிறாள், மிரியம் ஹாப்கின்ஸ். அவளுக்குத் தொலைபேசி வருகிறது. பெரிய இடத்து அழைப்பு என்பதுபோல் அவள் பேசுகிறாள். மறுமுனையில் இருப்பது சாதாரண அறையில் உட்கார்ந்திருக்கிற சாதாரணப் பெண். ஆக, இரண்டு பேரின் வேஷமும் நமக்குத் தெரிந்துவிட்டது. அவர்களுக்கும் தெரியும் என்பதுதான் நமக்கு இன்னும் தெரியாது.

சாப்பிட்டுக்கொண்டே லில்லி சொல்கிறாள்: பிலிபாவின் பணத்தைத் திருடியது நீங்கள்தான். சொன்ன கையோடு, அந்த உப்பைக் கொஞ்சம் தர முடியுமா என்கிறாள். அவனும் பதறாமல் உப்பை நகர்த்திவிட்டு, நீயும் திருடிதான், அந்தப் பர்ஸ் இப்போது உன்னிடம்தான் இருக்கிறது, நீ என் பையிலிருந்து எடுத்தபோதே தெரியும் என்கிறான். எழுந்துபோய்க் கதவைப் பூட்டுகிறான், திரையை இழுத்து மூடுகிறான், அவளைப் பிடித்து உலுக்குகிறான். பர்ஸ் கீழே விழுகிறது. திரும்பவும் இருவரும் உட்கார்ந்து சாப்பாட்டைத் தொடர்கிறார்கள். அவளுடைய நகை ஊசியை அவன் திருப்பித் தருகிறான். அதில் ஒரு கல் நல்ல கல் என்று மதிப்பும் சொல்கிறான். அவனுடைய கடிகாரத்தை அவள் நீட்டுகிறாள். ஐந்து நிமிடம் பின்தங்கி ஓடியதாம், சரியாக வைத்திருக்கிறாளாம். கடைசியில் அவளுடைய காலுறைப் பட்டி தன்னிடமே இருக்கட்டும் என்கிறான் அவன். அவள் குனிந்து பார்க்கிறாள், தாவி அவன் மடியில் வந்து உட்கார்ந்து, நீ யார் என்று கேட்கிறாள். கான்ஸ்டான்டினோபிள் வங்கிக்குள் நுழைந்து, வங்கியையே எடுத்துக்கொண்டு வெளியே வந்தவன் என்று அவன் சொன்னதும் பெயரை அவளே சொல்லிவிடுகிறாள்.

இந்தக் காட்சியை வெறும் கைவரிசைப் போட்டியாகப் பார்த்தால் அதன் பாதிதான் நமக்குக் கிடைக்கும். போட்டி என்றால் கடைசியில் ஒருவர் ஜெயித்து ஒருவர் தோற்க வேண்டும். இங்கே பர்ஸ், ஊசி, கடிகாரம் எல்லாம் உரியவரிடம் திரும்பிவிடுகின்றன. யாருக்கும் லாபம் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பொருளும் திரும்பும்போது ஒரு பொய் கழன்று விழுகிறது. சாப்பாடு தொடங்கும்போது அங்கே ஒரு பிரபுவும் ஒரு சீமாட்டியும் இருந்தார்கள். முடியும்போது காஸ்டனும் லில்லியும் இருக்கிறார்கள். மற்றவர்கள் காதலிக்கும்போது தங்களைக் கொஞ்சம் உயர்த்திச் சொல்லிக்கொள்வார்கள். இவர்களுக்குக் காதல் வருவது தங்களை இறக்கிச் சொல்லிக்கொள்ளும்போது. தொழில் தெரிந்தவனிடம் அதே தொழில் செய்கிறவன் பொய் சொல்ல முடியாது என்பதால் போட்டியாளர்கள் இருவரும் சமமாகிறார்கள். அந்தச் சமநிலையைத்தான் லூபிட்ச் காதல் என்கிறார். அந்தக் காலத்துக் கதைகளில் ஒரு பெண் ஓர் ஆணுக்கு அவன் தொழிலிலேயே சமமானவளாக, அவன் பையில் கைவிட்டு எடுக்கும் அளவுக்குத் தேர்ந்தவளாக வருவது அரிது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காஸ்டனுக்கு நிஜ வாழ்க்கையில் ஒரு மூலம் உண்டு. ஜார்ஜ் மனோலெஸ்கு என்ற ருமேனிய மோசடிக்காரரின் நினைவுக் குறிப்புகள் 1905-இல் வெளிவந்தன. அவரை வைத்து மௌனப் படங்களும் எடுக்கப்பட்டன. கதைக்கு அடிப்படை ஆலாதார் லாஸ்லோ எழுதிய ஒரு ஹங்கேரிய நாடகம். திரைக்கதை எழுதிய சாம்சன் ரபேல்சனை அந்த நாடகத்தைப் படிக்கவே வேண்டாம் என்று லூபிட்ச் சொல்லிவிட்டதாகச் சொல்வார்கள். லூபிட்ச் பெர்லினில் தையல் தொழில் செய்த யூதக் குடும்பத்தில் 1892-இல் பிறந்தவர். ஆளை ஆளாக்குவது துணிதான் என்பதை உடுப்பு விற்கிற வீட்டில் வளர்ந்தவருக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. மனோலெஸ்குவின் கதையிலிருந்து அவர் எடுத்துக்கொண்டதும் அந்த ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன்: கோட்டும் சூட்டும் பேச்சும் சரியாக இருந்தால் பெரிய மனிதர்களின் வீட்டுக் கதவு தானாகத் திறக்கும். காஸ்டன் பூட்டை உடைப்பதே இல்லை. அவனை உள்ளே அழைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது பகுதி பாரிஸில். அங்கே நமக்கு மரியெத் கோலெ என்ற பணக்கார விதவை அறிமுகமாகிறாள். கே பிரான்சிஸ் நடித்த பாத்திரம். கணவன் விட்டுப்போன வாசனைத் திரவிய நிறுவனத்துக்கு உரிமையாளர். கடையில் அவளுக்கு 3,000 பிராங்க் விலையில் ஒரு கைப்பையைக் காட்டுகிறார்கள். அதிக விலை என்று ஒதுக்கிவிடுகிறாள். அடுத்து 1,25,000 பிராங்க் விலையுள்ள வைரம் பதித்த பையைக் காட்டுகிறார்கள். அழகாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறாள். அதே பெண், நிறுவனத்தின் இயக்குநர்கள் தொழிலாளர்களின் சம்பளத்தைக் குறைக்கச் சொல்லும்போது, தொழில் பேச்சு எனக்குச் சலிப்பாக இருக்கிறது, மதியச் சாப்பாட்டுக்குப் போக வேண்டும், சம்பளம் இருந்தபடியே இருக்கட்டும் என்று எழுந்துவிடுகிறாள். அமெரிக்காவில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லாமல் போய்க்கொண்டிருந்த காலத்தில் எடுத்த படம் இது. தொழிலாளியின் சோறு ஒரு பணக்காரியின் மதியச் சாப்பாட்டு அவசரத்தால் தப்பிப் பிழைக்கிறது என்பதை இவ்வளவு சுருக்கமாகவும் கசப்பில்லாமலும் சொன்ன இன்னொரு காட்சி எனக்கு நினைவில்லை. ஓபராவில் காஸ்டன் அந்தக் கைப்பையைத் திருடுகிறான். கண்டுபிடித்துத் தருகிறவருக்கு 20,000 பிராங்க் பரிசு என்று விளம்பரம் வருகிறது. திருட்டுச் சந்தையில் விற்றால் அவ்வளவு தேறாது என்று கணக்குப் போட்டு, திருடியவனே நல்லவனாகப் போய்ப் பையைக் கொடுத்துப் பரிசையும் வாங்குகிறான். அதே வீட்டில் காரியதரிசியாகவும் அமர்கிறான்.

இங்கேதான் படத்தின் மூன்றாவது திருடர் வருகிறார். கிரோன் என்ற அந்த முதியவர் நிறுவனத்தின் நிர்வாகத் தலைவர்; குடும்பத்தின் நீண்ட நாள் நண்பர்; சி. ஆப்ரி ஸ்மித்தின் கம்பீரமான மீசையும் முதுகு வளையாத நடையும் அவரை ஐயப்படவே விடாது. கணக்குப் புத்தகத்தைப் புரட்டிய காஸ்டனுக்கு மட்டும் விஷயம் புரிந்துவிடுகிறது: இந்த மனிதர் வருடக்கணக்காக நிறுவனத்திலிருந்து பல லட்சங்களைச் சுருட்டியிருக்கிறார். வேலியே பயிரை மேய்கிறது. இருவரும் நேருக்கு நேர் நிற்கிற காட்சியில், காஸ்டன் யார் என்பதில் கிரோனுக்குச் சந்தேகம். கிரோன் செய்தது என்ன என்பது காஸ்டனுக்கு நிச்சயம். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் கிரோன் விழுங்கிக்கொண்டு நிற்கிறார். வெனிஸ் சாப்பாட்டு மேஜையில் ஒரு திருடனும் ஒரு திருடியும் சந்தித்தபோது உப்பு கேட்டுச் சிரித்தார்கள். இங்கே இரண்டு திருடர்கள் சந்திக்கிறார்கள், சிரிப்பு இல்லை, உரிமையோடு கேலி பேசவும் முடியவில்லை. காரணம் எளிது. கிரோன் ஒத்துக்கொள்ள மாட்டார். தன்னைத் திருடன் என்று அவர் தனக்குள்ளேயும் சொல்லிக்கொள்வாரா என்பது சந்தேகம். படத்தின் உண்மையான போட்டி காஸ்டனுக்கும் லில்லிக்கும் இடையில் இல்லை. ஒப்புக்கொள்கிற திருட்டுக்கும் ஒப்புக்கொள்ளாத திருட்டுக்கும் இடையில்தான். பிற்பாடு எல்லாம் வெளிப்படும்போது, கிரோனைப் போலீஸிடம் பிடித்துக்கொடுக்க மரியெத்துக்கு மனம் வரவில்லை. பெரிய குடும்பம், அவப்பெயர். உடனே காஸ்டன் சொல்வது படத்தின் மிகக் கூரான வசனம்: ஜெயிலுக்குப் போகாமல் இருக்க மேல்தட்டுப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், அடிமட்டத்திலிருந்து சொந்த முயற்சியில் முன்னேறிய திருடன் என்றால் மட்டும் போலீஸைக் கூப்பிடுவீர்கள். தன் கையால் உழைத்து மேலே வந்தவனைக் கொண்டாடுவது அமெரிக்கர்களுக்குப் பிடித்த கதை. அதே கதையை ஒரு திருடன் வாயில் வைத்துத் திருப்பிக் கொடுத்தது லூபிட்சின் குறும்பு.

இதற்கு வரக்கூடிய முதல் ஆட்சேபம் ஒழுக்கம் பற்றியது. நல்ல துணி உடுத்தி நயமாகப் பேசினால் திருட்டு நியாயமாகிவிடுமா? திருட்டுக் கொடுத்தவனின் வலியைப் படம் மறைக்கவில்லையா? மறைக்கவில்லை என்பதுதான் என் பதில். படத்தின் தொடக்கத்திலேயே பிலிபா தரையில் நினைவில்லாமல் கிடப்பதைப் பார்க்கிறோம். எட்வர்ட் எவரெட் ஹார்ட்டன் நடித்த அந்தப் பாத்திரத்தைக் கோமாளி என்று தள்ளிவிடுவது சுலபம்: வைத்தியர் வேஷத்தில் வந்தவன் தொண்டையைக் காட்டச் சொன்னான், டான்சில் பற்றிக் கேட்டான் என்று அவர் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் அதை இத்தாலியப் போலீஸுக்குச் சொல்ல, அந்த அறையே கூச்சலாகிவிடும். ஆனால் கதையின் நெருக்கடி முழுவதும் இவருடைய ஞாபகத்தில்தான் தொங்குகிறது. பாரிஸில் காஸ்டனைப் பார்த்த நாளிலிருந்து இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று மனிதர் தவிக்கிறார். கடைசியில் வெனிஸ் படகு வடிவத்தில் இருக்கிற ஒரு சாம்பல் கிண்ணம் கண்ணில் பட்டதும் எல்லாம் ஞாபகம் வந்துவிடுகிறது. திருட்டுக் கொடுத்தவன் மறந்துவிட்டால் காஸ்டன் மரியெத்தின் வீட்டில் நிம்மதியாக இருந்துவிடலாம். அவன் மறக்காததால்தான் ஓட வேண்டியிருக்கிறது. பாதிக்கப்பட்டவரைப் பார்த்து நாம் சிரிக்கிறோம் என்பது உண்மை. அவர் இல்லாததுபோல் படம் நடந்துகொள்ளவில்லை என்பதும் உண்மை. கிரோனால் பணம் இழந்தவர்களுக்கோ அந்த ஞாபகமும் கிடையாது. தங்களிடமிருந்து போனது என்ன என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. எந்தத் திருட்டு அதிக ஆபத்தானது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா?

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. பஞ்ச காலத்தில் பளபளப்பான மாளிகைகளையும் பட்டு உடுப்புகளையும் காட்டி மக்களை மறக்கடித்த படம் இது, அதில் சமூக விமர்சனம் தேடுவது வீண் என்பார்கள். ஹான்ஸ் டிரையரின் அரங்க அமைப்பைப் பார்த்தால் அந்தக் குற்றச்சாட்டு பொருந்துவதுபோலத்தான் இருக்கும். அந்த மாடிப்படியும் அந்தக் கதவுகளும் பார்க்கிறவனைக் கிறங்கடிப்பதற்கென்றே செய்தவை. பரிசுக்காகப் பைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிற கூட்டத்தின் நடுவே ஒரு ரஷ்யப் புரட்சிக்காரர் புகுந்து, இந்தக் காலத்தில் ஒரு கைப்பைக்கு இவ்வளவு பணமா என்று மரியெத்தைத் திட்டித் துப்பிவிட்டுப் போகிறார். அவரையும் படம் கேலிதான் செய்கிறது. ஆனால் படத்தின் முதல் காட்சி என்ன? இரவு, இருட்டு, வாசலில் ஒரு குப்பைத் தொட்டி. ஒருவன் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு படகில் கொட்டுகிறான். குப்பை குவிந்த அந்தப் படகை ஓட்டிக்கொண்டே காதல் பாட்டுப் பாடுகிறான். உலகமே தேனிலவுக்குப் போகிற வெனிஸுக்கும் குப்பை அள்ள ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் லூபிட்ச் மாளிகைக்குள் நம்மை அழைத்துப்போகிறார். புரட்சிக்காரரைக் கேலி செய்கிற படம் அவர் சொன்னதைப் பொய் என்று எங்கேயும் சொல்லவில்லை. கைப்பையின் விலையும் சம்பளக் குறைப்புத் தீர்மானமும் அவர் பக்கம்தான் சாட்சி சொல்கின்றன. பிரச்சாரம் செய்யவில்லை என்பதால் பார்வை இல்லை என்று ஆகிவிடாது.

மூன்றாவது ஆட்சேபம் என் வாதத்தின் அடிப்படையிலேயே கைவைப்பது. திருடர்களுக்குள் ஒளிவுமறைவு இல்லை என்கிறேன்; ஆனால் காஸ்டன் லில்லியிடமே மறைக்கிறானே? மரியெத்தின் மேல் அவனுக்கு மயக்கம் வந்துவிடுகிறது. வேலை முடிந்தது, இன்றிரவே ஊரைவிட்டுப் போய்விடலாம் என்று லில்லி நினைக்கும்போது அவன் சாக்குப்போக்குச் சொல்கிறான். மாலையில் தொடங்கி இரவு முழுவதும் நேரம் கழிவதை லூபிட்ச் கடிகாரங்களை மட்டும் காட்டிச் சொல்கிறார். முள் நகர்கிறது, குரல்கள் கேட்கின்றன, ஆட்களைக் காணோம். இந்தப் பகுதியில் காஸ்டன் பொய்யன்தான். கவனிக்க வேண்டியது, அவன் பொய் சொல்லத் தொடங்குவது மரியாதைப்பட்ட உலகத்தில் வேர்விட ஆசைப்படும்போது என்பதை. லில்லிக்கு ஆரம்பத்திலிருந்தே இந்தப் பயம் இருக்கிறது. நீ திருடனாக இருப்பதால்தான் உன்னைக் காதலிக்கிறேன், திருடு, ஏமாற்று, கொள்ளையடி, ஆனால் பணக்காரப் பெண்களின் கையை எதிர்பார்த்து வாழ்கிற ஆசைநாயகனாக மட்டும் ஆகிவிடாதே என்று அவள் முன்கூட்டியே கெஞ்சுகிறாள். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் அவள் சொல்வது ஒரு தர்மம். அவளுடைய கோபம் வெறும் பொறாமையில் அடங்குவது இல்லை. தொழில் சுத்தம் கெட்டுப்போகிறதே என்ற ஆத்திரமும் அதில் இருக்கிறது. காஸ்டன் அவளிடம் திரும்புவதும் பொறுமையான சமாதானப் பேச்சால் இல்லை. டாக்ஸியில் போகும்போது, லில்லிக்கென்று மரியெத்திடமிருந்து கொண்டுவந்த முத்து மாலையை எடுக்கப் பையில் கைவிட்டால் அதைக் காணோம். அவள் எப்போதோ எடுத்துவிட்டாள். தான் கொண்டுவந்த 1,00,000 பிராங்க்கை அவள் தேடினால் அது அவனிடம். மன்னிப்புக் கேட்கவில்லை, கண்ணீரும் இல்லை. ஒருவர் பையில் இன்னொருவர் கைபோட்டதோடு கணக்கு நேராகிவிட்டது. ஆகவே நடுவில் வருகிற அந்தப் பொய் என் வாதத்தைக் குலைக்கவில்லை. ஒப்புதல் போனால் அந்த உறவில் என்ன மிஞ்சும் என்பதைக் காட்டுகிற எதிர்ச் சாட்சியாகத்தான் அதைப் பார்க்கிறேன்.

இன்னும் ஒரு தரப்பு உண்டு: இவ்வளவு யோசனை எதற்கு, இது வெறும் நடை அழகு, லூபிட்சின் கைவண்ணம் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாமே என்பவர்கள். நடையைப் பொறுத்தவரை இதைவிடச் சிறப்பாக வேறெதையும் செய்ததில்லை என்று லூபிட்சே தன் கடைசி வருடத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் இந்தப் படத்தில் நடையும் கருத்தும் வேறுவேறாகப் பிரிவதில்லை. தொடக்கத்தில் படத்தின் பெயர் இரண்டு துண்டாக வருகிறது: முதல் இரண்டு சொற்கள் வந்து நிற்கும், பின்னணியில் ஒரு கட்டில் தெரியும், கொஞ்சம் தாமதித்துத்தான் மூன்றாவது சொல் வரும். நடுவில் இருக்கிற அந்தக் கணத்தில் சொர்க்கம் எது என்று பார்க்கிறவன் முடிவுசெய்துவிடுகிறான். இயக்குநர் எதையும் சொல்லவில்லை. நம் மனதில் இருந்ததை நம்மிடமிருந்தே எடுத்துக் காட்டிவிட்டார். இலையும் சாம்பல் கிண்ணமும் கடிகாரங்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன. மரியெத்தின் வீட்டு மாடிப்படியில் காஸ்டன் துள்ளி ஏறுகிறான், இறங்குகிறான். மார்ஷல் முதல் உலகப் போரில் ஒரு காலை இழந்தவர். அந்தப் படியில் ஓடுவது வேறொருவர். பார்க்கிறவன் கண்முன்னே எடுத்ததைப் பார்க்கிறவனே உணராதபடி செய்வதில் படம் தன் நாயகனுக்குச் சளைத்ததில்லை. ஆனால் அது நம்மை முட்டாளாக்குவதில்லை, கூட்டாளியாக்குகிறது. லூபிட்ச் சொல்லாமல் விட்டதைப் பூர்த்தி செய்கிற ஒவ்வொரு முறையும் 'எனக்குத் தெரியும்' என்று நாமும் ஒப்புக்கொள்கிறோம். காஸ்டனுக்கும் லில்லிக்கும் இடையில் இருக்கிற அதே ஏற்பாட்டைப் படம் நம்மோடும் செய்துகொள்கிறது.

இது ஒரு தனிப் படத்தின் விசேஷம் என்றால் இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டேன். போட்டித் திருடர் கதை எங்கே நன்றாக வந்தாலும் இந்த ஒப்புதல் அங்கே இருக்கிறது. 1988-இல் பிராங்க் ஆஸ் இயக்கிய 'டர்ட்டி ராட்டன் ஸ்கவுண்ட்ரல்ஸ்' படத்தில் பிரெஞ்சுக் கடற்கரை ஊர் ஒன்றில் இரண்டு மோசடிக்காரர்கள் மோதுகிறார்கள். தேர்ந்த கைகாரராக மைக்கேல் கெய்ன், அரைகுறையாக ஸ்டீவ் மார்ட்டின். ஒரு பெண்ணிடமிருந்து 50,000 டாலரை முதலில் கறப்பவர் ஊரில் இருக்கலாம், மற்றவர் வெளியேற வேண்டும் என்று பந்தயம். கடைசியில் இருவரையும் மொட்டையடித்துவிட்டுப் போவது அந்தப் பெண்தான். தான் ஏமாந்தது புரிந்ததும் கெய்னின் முகத்தில் தெரிவது கோபமில்லை, மரியாதை. நம் பக்கத்திலும் இதற்கு வெகு பழைய உதாரணம் உண்டு. சூத்ரகரின் 'மிருச்சகடிகம்' நாடகத்தில் சர்விலகன் என்ற திருடன் சாருதத்தன் வீட்டுச் சுவரில் கன்னம் வைக்கும்போது, துளை தாமரை வடிவில் இருக்கலாமா, பிறை வடிவில் இருக்கலாமா என்று சிற்பியைப்போல் யோசிக்கிறான். அளப்பதற்கு நூல் இல்லாததால் பூணூலையே அளவுநூலாக்கிக்கொள்கிறான். விடிந்து எழுந்த சாருதத்தன், போன நகையைப் பற்றி யோசிக்கும் முன்பே அந்தத் துளையின் அழகை மெச்சுகிறான். திருடப்பட்டவன் திருடனின் கைத்திறனை ஒப்புக்கொள்கிற அந்த இடம்தான் அங்கேயும் சிரிப்பைத் தருகிறது. ஆக, இது ஹாலிவுட்டின் பட்டுத் திரைக்குள் பிறந்த சொகுசு என்ற எண்ணமும் நிற்கவில்லை.

இந்த ஒப்புதல்தான் அதிகாரத்தை உறுத்தியது என்பதற்குப் படத்தின் பிற்கால வரலாறே ஆதாரம். ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் 1930-லேயே எழுதப்பட்டுவிட்டன. 1934-ன் நடுவில்தான் அவற்றுக்குப் பல் முளைத்தது. 1935-இல் பாரமவுண்ட் இந்தப் படத்தை மறுபடி வெளியிட அனுமதி கேட்டபோது மறுத்துவிட்டார்கள். 1943-இல் இதே கதையைப் பாட்டுப் படமாக எடுக்க நினைத்தபோதும் மறுப்புதான். 1968 வரை படம் பொதுமக்கள் கண்ணிலேயே படவில்லை. 1991-இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பட்டியலில் இடம்பெற்றது தனிக் கதை. தடைக்குக் காரணம் திருட்டா, கல்யாணம் ஆகாமல் ஒரே வீட்டில் வாழ்வதா, கட்டில்மேல் விழுகிற இரண்டு நிழல்களா என்று கேட்டால் மூன்றும்தான் என்று சொல்லலாம். என் பார்வையில் அந்த மூன்றுக்கும் பொதுவாக இருக்கிறது ஒன்று: இந்தப் படத்தில் யாரும் வெட்கப்படுவதில்லை. குற்றத்தின் பக்கம் பார்வையாளரின் அனுதாபம் போகக் கூடாது என்பது அந்த விதிகளின் அடிநாதம். காஸ்டனும் லில்லியும் கைதாகிக் கடைசியில் கண்ணீர் விட்டிருந்தால் அவர்கள் செய்த அத்தனை திருட்டையும் திரையில் காட்ட விட்டிருப்பார்கள். அப்படி முடிந்த கொள்ளைப் படங்கள் அதன் பிறகும் எத்தனையோ வந்தன. திருட்டைத் திரையில் காட்டுவதில் யாருக்கும் பெரிய ஆட்சேபம் இருந்ததில்லை. தன் தொழிலைத் தெரிந்தே ஒத்துக்கொண்டு, தண்டனையும் பெறாமல், மனம் திருந்துவதாக நடிக்கவும் மறுத்து ஒரு ஜோடி டாக்ஸியில் ஏறிப் போவதுதான் பொறுக்கவில்லை.

அந்தத் தணிக்கையாளர்கள் சரியாகத்தான் பயந்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு திருடன் தன்னைத் திருடன் என்று சிரித்துக்கொண்டே சொல்லும்போது பார்க்கிறவன் மனதில் அடுத்த கேள்வி தானாக எழுந்துவிடும்: அப்படியானால் சொல்லாதவர்கள் யார்? மீசை முறுக்கிய கிரோன் படத்தின் முடிவில் சிறைக்குப் போகவில்லை என்பதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. அவரைச் சிறைக்கு அனுப்பியிருந்தால் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று நாம் எழுந்து போயிருப்போம். லூபிட்ச் அவரை மரியாதையோடு வெளியே விட்டுவைத்திருக்கிறார். அவரைப்போன்றவர்கள் எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் வெளியேதான் இருக்கிறார்கள். போட்டித் திருடர்களின் நகைச்சுவைக்கு வேலை அவர்களைப் பிடித்துக்கொடுப்பது இல்லை. இரண்டு சின்னத் திருடர்களை ஒருவருக்கொருவர் உண்மை பேச விட்டால் போதும். வாய் திறக்காத பெரிய திருடர் யார் என்று அரங்கில் இருப்பவர்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும்.